படகில் ஒரு பாடவேளை

மாத்தளையில் ஓய்வுபெற்ற மாஸ்டர்மாருக்குக் குறைவில்லை. பென்சன் எடுத்த மறுநாளே சிலர் மிளகுக் கொடிக்குக் கொழுகொம்பு பார்ப்பார்கள். சிலர் கோயில் கணக்குப் பார்ப்பார்கள். மூன்றாவது ரகம்தான் ஆபத்தானது. அவர்கள் ஊர் பார்க்கப் போவார்கள். போகிற இடத்தில் மணி அடிக்காமலே பாடம் தொடங்கிவிடும். முன்பு நாற்பது பிள்ளைகள் பங்குபோட்டுத் தாங்கிய பாடத்தை இப்போது ஒருவரே தாங்க வேண்டும். அவர்தான் மாஸ்டரம்மா.

எங்கள் தெரு மாஸ்டர், மகன் கட்டாரிலிருந்து அனுப்பிய காசில், மாஸ்டரம்மாவை நீர்கொழும்புக்கு அழைத்துப் போனார். ஹாமில்டன் கால்வாயில் படகுச் சவாரி. அம்மா விடியற்காலை மூன்று மணிக்கு எழும்பி புளிச்சோறு கட்டினார், முட்டை அவித்தார், சீனிச் சம்பலைப் போத்தலில் அடைத்தார். மாஸ்டர் எடுத்துக்கொண்டது ஒரு சீ.ஆர். கொப்பி.

முதலில் ஒல்லாந்தர் கோட்டை. வாசலில் 1678 என்று ஆண்டு பொறித்திருக்கிறது. அதுவரைக்கும் சரித்திரம், அதற்கு அப்பால் சிறைச்சாலை. உள்ளே போய்ப் பார்க்க முடியாதா என்று மாஸ்டர் ஆட்டோக்காரரிடம் கேட்டார். “போகலாம் சேர், ஆனா அதுக்கு ஏதாவது செஞ்சிருக்கணுமே” என்றார் அவர். மாஸ்டர் அதையும் குறித்துக்கொள்ளப் போனார். அம்மா கையைப் பிடித்து இழுத்து வந்தார்.

படகில் ஏறியதும் உயிர்காப்பு அங்கி கொடுத்தார்கள். அது எப்படி மிதக்கிறது என்று படகோட்டிக்கு ஆர்க்கிமிடீசிலிருந்து விளக்கினார் மாஸ்டர். கொளுவியை மாட்டத் தெரியவில்லை. அம்மா மாட்டிவிட்டார்.

அடுத்ததுதான் விசேஷம். மாஸ்டர் அம்மாவுக்கு எதிரே, படகு போகும் திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். மாணவியின் முகத்தைப் பார்க்காமல் பாடம் நடத்த முடியாதல்லவா? கால்வாயில் வருவதெல்லாம் அம்மாவுக்குத் தெரிந்தது. மாஸ்டருக்குத் தெரிந்தது போனவை மட்டும்.

“இது ஒல்லாந்தர் கால்வாய், சேர்” என்று படகோட்டி தொடங்கியிருக்கக் கூடாது. மாஸ்டர் கையை உயர்த்தினார். ஒல்லாந்தரும் இந்தப் பக்கம் கால்வாய் வெட்டியவர்கள்தான். ஆனால் இது வெள்ளைக்காரன் 1802இல் தொடங்கி 1804இல் முடித்தது. முத்துராஜவெலச் சதுப்பிலிருந்து உப்புநீரை வடிக்க வெட்டியது. வருமானத்துக்கும் வர்த்தகத்துக்கும் பொறுப்பான அரசாங்க அதிபர் கவின் ஹாமில்டன், அவர் பெயர்தான் இதற்கு. இவ்வளவும் சரி. இந்த ரகத்து ஆட்களிடம் அதுதான் கஷ்டம். பிழையாகச் சொன்னால் சண்டையாவது பிடிக்கலாம்.

“ஏங்க, அங்க பாருங்க, கபரகொய்யா!” என்றார் அம்மா. கரையோரக் கண்டல் வேரில் ஆள் நீளத்துக்கு ஒன்று, நாக்கை நீட்டி நீட்டி இழுத்துக்கொண்டிருந்தது. கழுத்தில் தொங்கிய தோல் மூச்சுக்கு மூச்சு உப்பி அடங்கியது. “இரு, சொல்லி முடிச்சுடறேன்” என்றார் மாஸ்டர். முடித்துவிட்டுத் திரும்பியபோது தண்ணீரில் வட்டம் மட்டும் இருந்தது. மீன்கொத்தி பாய்ந்ததும் அப்படித்தான் போனது.

பிறகு கணக்குப் பாடம். “பதினாலரைக் கிலோமீற்றர், ரெண்டு வருசம். ஒரு நாளைக்கு எவ்வளவு? ஏறக்குறைய 20 மீற்றர்! அந்தக் காலத்துல, மெசின் இல்லாம!”

“நம்ம ரோட்டு வடிகான் எத்தன மீற்றர்ங்க?” என்றார் அம்மா. பாடத்துக்கு வெளியே கேட்ட கேள்விக்கு மாஸ்டர் பதில் சொல்வதில்லை.

புளிச்சோற்றுப் பொட்டலம் பிரிக்கப்பட்டபோதும் வாய் நிற்கவில்லை. கால்வாய் என்றால் இதுதானா? பொல்கொல்லயில் மகாவலியை மறித்து, மலையைக் குடைந்து, சுமார் 8 கிலோமீற்றர் சுரங்கத்தில் உக்குவெலைக்குக் கொண்டுவந்து, மின்சாரம் எடுத்து, சுது கங்கையில் விட்டிருக்கிறார்கள். “1976ல இருந்து மகாவலி நம்ம மாத்தளைக்கு வருதுடி!”

“வருது. நம்ம வீட்டுக் குழாய்க்குத்தான் வரல” என்று அவித்த முட்டையை நீட்டினார் அம்மா. படகோட்டிக்கும் ஒன்று கொடுத்தார். அவர் முகம் திருப்பிச் சிரித்தது மாஸ்டருக்குத் தெரியாது. அவர் பார்த்துக்கொண்டிருந்தது வேறு திசை.

படம் எடுக்காமல் வரவில்லை. படகோட்டி பத்துப் படமாவது எடுத்திருப்பார். எல்லாவற்றிலும் அம்மா கமராவைப் பார்க்கிறார், மாஸ்டர் வாய் திறந்திருக்கிறார்.

ஊர் திரும்பிய பிறகு தெருவே ஹாமில்டனை அறிந்துகொண்டது. பக்கத்து வீட்டுப் பெண்கள் அம்மாவிடம் தனியாக விசாரித்தார்கள். கரையோர வீடுகளில் எந்த வலை காய்ந்தது, எந்த மீன் கருவாடாகக் கிடந்தது, எந்த வீட்டுப் படியில் கிழவி ஒருத்தி பேத்திக்குப் பேன் பார்த்தாள் என்று எல்லாம் வந்தது. “சேர் இதெல்லாம் சொல்லவேயில்லையே?” என்றாள் ஒருத்தி. “அவரு 1804லல்ல இருந்தாரு” என்றார் அம்மா.

அடுத்த பயணத்துக்குக் கந்தளமைக் குளத்தில் படகா, சீகிரியாவா என்று மாஸ்டர் கேட்டார். இடம் தெரிவு செய்யும் உரிமையை அவர் அம்மாவுக்குக் கொடுத்தது அதுவே முதல் தடவை. அம்மா யோசிக்கவேயில்லை, சீகிரியா என்றார். காசியப்பன் மேல் அவ்வளவு ஆர்வமா என்று மாஸ்டர் பூரித்துப் போய்ப் புதுக் கொப்பி வாங்கப் புறப்பட்டார்.

“சுமார் 1,200 படியாம்,” என்றார் அம்மா பக்கத்து வீட்டுக்காரியிடம். “ஏறுறப்போ மூச்சு விடவே சரியா இருக்கும்.”