பிக் படுத்தும் பாடு

பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டுக்குள் துடுப்புப் படகில் கிதாருடன் பிரவேசித்து, உடன்வரும் சிநேகிதர்களுக்குக் கானாமிர்தம் வழங்கச் சித்தமாயிருக்கும் சிதம்பரத்து வாலிபர், படகு கரையைவிட்டு நகருமுன்பே சட்டைப்பையிலிருந்து தந்தி மீட்டும் வில்லைகளாகிய வர்ண வர்ணமான ‘பிக்’குகளை எடுத்து மடிமேல் பரப்பி, தமது வாசிப்புக்கு உகந்தது எதுவென்று ஆராயத் தொடங்கிவிடுகிறார்.

அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த மெல்லியது தந்திகளை ஒருசேர வருடித் தாளம் போடுவதற்கு, ஒன்றரை மில்லிமீட்டர் தடித்தது ஸ்வரங்களைத் தனித்தனியே தெறிக்க வைப்பதற்கு என்பது சாஸ்திரம். இடைப்பட்ட 0.73 மில்லிமீட்டர், எந்தக் கட்சியிலும் சேராத சமரசவாதிகளுக்கு. நைலானா, செல்லுலாயிடா என்ற தர்க்கம் தனி. முன்னாளில் அழுங்காமையின் ஓட்டைச் சீவித்தான் பிக்குகளைச் செய்தார்கள். 1970-களில் சர்வதேச உடன்படிக்கையொன்று ஆமையோட்டு வர்த்தகத்தைத் தடைசெய்யவே, சங்கீதத்தினால் பிராணஹானி நேரும் அபாயம் ஆமைகளுக்கேனும் நீங்கிற்று. கேட்போர் நிலை வேறு.

அமெரிக்க ஜாஸ் வித்வான் வெஸ் மாண்ட்கோமரியோ பிக்கே இல்லாமல் கட்டைவிரலைக் கொண்டே அழியாக் கீர்த்தி பெற்றார். பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவான குவீனின் பிரையன் மே, செல்லாக்காசாகிவிட்ட ஆறு பென்ஸ் நாணயத்தால் வாசிக்கிறார். நம் வீணை வித்வான்களிலும் வெறும் நகத்தால் மீட்டுவோர் உண்டு. நகம் கடையில் விற்பதில்லையாதலால், அதைப் பற்றி விவாதமும் அவ்வளவாக இல்லை.

கிதாரின் வயிற்றுக்குள் விழுந்த பிக்கைக் கவிழ்த்துக் குலுக்கி எடுத்துவிடலாம். உப்பங்கழியில் விழுந்தது விழுந்ததுதான். ஆகவே அன்பர்களே, பிடித்த கனத்தில் இரண்டாக வைத்துக்கொள்ளுங்கள். சாவகாசமிருந்தால், பாட்டும் ஒன்றிரண்டு கற்றுக்கொண்டு படகேறுங்கள்.