பாட்டிஷன் தம்பி

நோய் எதுவானாலும் அவருக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான். லெப்டொப் ஆமை வேகத்தில் ஓடுகிறதா? பாட்டிஷன் சரியில்லை. வைஃபை பிடிக்கவில்லையா? பாட்டிஷன். ஸ்பீக்கர் கரகரக்கிறதா? கொஞ்ச நேரம் யோசிப்பார், ஸ்பீக்கர் துளையை விரலால் தடவிப் பார்ப்பார், பிறகு சொல்வார்: "அண்ணே, இத யாரு பிரிச்சது? சி டிரைவுக்கு இவ்வளவு இடமா குடுப்பாங்க?"

திகன பஜாரிலிருந்து ராஜவெல்ல வரை, பிள்ளை ஏ.எல். படிக்கிற வீடுகளில் இவர் கைபட்ட லெப்டொப் ஒன்றாவது இருக்கும். திறந்தவுடனே தெரிந்துவிடும். சி, டி, இ, எஃப் என்று வரிசையாக நிற்கும். டி-க்குப் பெயர் 'வேலை', இ-க்கு 'படம்', எஃப்-க்கு 'புதுசு'. அதற்குப் பக்கத்தில் 'புதுசு 2'. இரண்டு புதுசுக்குள்ளும் ஒரு மண்ணும் இருக்காது. ஏன் என்று கேட்டால், "நாளைக்குத் தேவப்படும்" என்பார். அந்த நாளை இன்னும் வரவில்லை. அதற்குள் சி டிரைவ் நிரம்பி சிவப்பாகிவிடும், அதைப் பார்க்கவும் அவரைத்தான் கூப்பிட வேண்டும். வந்து, பார்த்து, உச்சுக் கொட்டி, மறுபடி பிரிப்பார்.

பழைய லெப்டொப்புகள் ஓரளவு தப்பின. அவற்றிலுள்ள எம்.பி.ஆர். முறையில் நாலு பிரைமரி பாட்டிஷனுக்கு மேல் போட வழியில்லை. அந்த நாலில் ஒன்றிரண்டை, லெப்டொப்பைச் செய்து விற்ற கம்பனியே முன்கூட்டிப் பிடித்துவைத்திருக்கும். நாலும் நிரம்பிய பிறகு ஐந்தாவதைப் போடப் போனால், டிஸ்க்கை 'டைனமிக்' ஆக மாற்றட்டுமா என்று விண்டோஸ் கேட்கும். கேள்வி கேட்கும் பெட்டிக்கு நம்மவர் 'நோ' கொடுத்ததாகச் சரித்திரம் இல்லை. அன்றோடு அந்த டிஸ்க்கில் உபுண்டு போடும் ஆசையை மறந்துவிடலாம். பிறகு வந்த ஜி.பி.டி. முறையில் விண்டோஸ் 128 பாட்டிஷன் வரை விடும். இந்தச் செய்தியை அவர் காதில் போட்ட புண்ணியவான் யாரென்றுதான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு லெப்டொப்பில் இரண்டு சிஸ்டம் இருந்தால்தான் அவருக்குச் சாப்பாடு இறங்கும். முன்பெல்லாம் ஹந்தானை லினக்ஸ் போட்டுத் தந்தார். நம்ம மலையின் பெயரை வைத்திருப்பதை எப்படி வேண்டாம் என்பது? 2025 அக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்ததும் அவருக்கு இன்னொரு நல்ல காலம் பிறந்தது. 11ஐ ஏற்காத பழைய லெப்டொப்புகள் ஒவ்வொன்றாக அவர் மடியில் வந்து விழுந்தன.

லினக்ஸ் போட்ட மறுநாள் விண்டோஸில் மணி ஐந்தரை மணித்தியாலம் பின்னால் நிற்கும். லினக்ஸ், லெப்டொப்புக்கு உள்ளேயிருக்கிற கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை எழுதிவைக்கிறது. விண்டோஸ் அதையே இலங்கை நேரம் என்று வாசிக்கிறது. லினக்ஸில் ஒரு வரிக் கட்டளை கொடுத்தால் சரி. நம்மவரோ மணியைப் பார்க்கிறார், டிஸ்க்கைப் பார்க்கிறார், "பாட்டிஷன்ல தான் அண்ணே ஏதோ இருக்கு" என்கிறார். 1996இல் நாடே கடிகாரத்தை முன்னுக்குத் தள்ளி, 2006 ஏப்ரலில்தான் பழைய ஐந்தரைக்குத் திரும்பியது. அதைப் பற்றி அவரிடம் வாய் திறப்பதில்லை. நாட்டையும் பிரிக்கக் கிளம்பிவிடுவார்.

ஆனால் ஆள் விஷயம் தெரியாதவர் என்று எண்ணிவிடக் கூடாது. சி டிரைவில் நூறு ஜி.பி. சும்மா கிடக்கும்போது, அதைக் குறைக்கப் போனால் விண்டோஸ் ஏன் எட்டு ஜி.பி.யைத்தான் விட்டுத் தருகிறது என்று கேட்டேன். பேஜ் ஃபைல், ஹைபர்னேட் ஃபைல், ரீஸ்டோர் பொயின்ட் எல்லாம் நகராமல் நடுவில் குந்தியிருக்கும் என்று சொல்லி, ஒவ்வொன்றாக நிறுத்தி, ரீஸ்டார்ட் பண்ணி, இடத்தை எடுத்துக் காட்டினார். "பின்பக்கம் குறைக்கிறது லேசு அண்ணே. முன்பக்கத்த நகத்துறதுதான் பாடு. பழைய தெல்தெனிய டவுன மேல கொண்டுபோன மாதிரி. கட, ஸ்கூல், பன்சல எல்லாத்தையும் தூக்கணும்." விக்டோரியா நீர்த்தேக்கத்துக்குள் போன ஊரை வைத்து டிஸ்க்கை விளக்கிய வேறொருவரை நான் கண்டதில்லை.

அதே விக்டோரியா 210 மெகாவாட் மின்சாரம் தரக்கூடியது, இருப்பதும் பக்கத்தில். இருந்தும் பாட்டிஷன் பாதி நகர்ந்திருக்கும்போதுதான் திகனயில் கரண்ட் போகும். பழைய லெப்டொப்பில் பெட்டரி கனத்துக்காக இருப்பது. பாதியில் நின்ற பாட்டிஷனை ஆண்டவனும் திறக்க மாட்டான். 2022இல் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் நின்ற காலத்திலும் இந்த மனிதர் வீடு வீடாக வந்தார். வீட்டுக்காரர் பெயர் மறந்துபோனாலும் அந்த வீட்டுக்கு எந்தக் குரூப்பில் எத்தனை மணிக்கு வெட்டு என்பது மறக்காது. ஒரு சதம் வாங்கவில்லை. ஒரு பிளேன்டீ, அதுவும் சீனி குறைவாக.

வில்லங்கமே அங்கேதான். காசு வாங்காதவரிடம் எப்படிச் சண்டை பிடிப்பது?

பிடிக்கத்தான் வேண்டும். 'அப்ளை'யை அழுத்தி, கோடு ஓடத் தொடங்கி, இனி நிறுத்த முடியாது என்ற இடம் வந்த பிறகு, டீயை ஒரு மிடறு குடித்துவிட்டுக் கேட்பார்: "பெக்கப் எடுத்திருக்கீங்கதானே?" பயோஸில் எதையோ மாற்றிவிட்டு, நீலத் திரை வந்து பிட்லொக்கரின் 48 இலக்கத்தைக் கேட்கும்போது, "நம்பர எழுதி வச்சிருக்கீங்கதானே?" லினக்ஸ் வேண்டாம் என்றவர்களுக்காக விண்டோஸில் இருந்தபடியே அந்தப் பாட்டிஷனை அழித்து, அடுத்த முறை கறுப்புத் திரையில் 'க்ரப் ரெஸ்க்யூ' என்று வந்து நிற்கும்போது, "விண்டோஸ் பென் ஒன்னு கையில இருக்குதானே?" எல்லாம் நம்மிடம் இருக்குதானே! இருந்தால் இவரை எதற்குக் கூப்பிடுகிறோம்?

ஊரில் எத்தனை கல்யாணப் போட்டோ, எத்தனை பிள்ளைகளின் புரொஜெக்ட் இப்படிப் போயிற்று! அந்தப் பெக்கப் கேள்வியை அரைமணி நேரம் முன்னால் கேட்டிருந்தால் ஒன்றும் போயிருக்காது. பிரிக்கத் தெரிந்தவருக்கு முதலில் கொப்பி பண்ணத் தெரியாதா? தெரியும். அதில் அவருக்கு ருசி இல்லை.

அதனால் நானே ஒரு டெராபைட் வெளி டிஸ்க் வாங்கி, பெக்கப்புக்கு என்று மேலே எழுதி ஒட்டி, அவர் முன்னால் வைத்தேன். கையில் எடுத்தார், பெட்டியைப் பிரித்தார், லெப்டொப்பில் கொழுவினார். முகம் வாடிவிட்டது.

"என்ன அண்ணே, ஒரு டெராவயும் ஒரே துண்டாவா வச்சிருக்கீங்க?"