1953 கார்வெட் வாங்கப் போகிறவர் கவனத்துக்கு

முதலில், நிறம் பற்றி வீட்டில் சண்டை போட வேண்டாம். அந்த ஆண்டு மிச்சிகனின் ஃபிளின்ட் நகரில் செவர்லே கட்டிய 300 கார்வெட்டும் வெள்ளை. உள்ளே சிவப்பு, மேலே கறுப்புத் துணிக்கூரை. ஹீட்டரும் ரேடியோவும் ‘விருப்பமிருந்தால்’ என்று விலைப்பட்டியலில் தனியாகப் போட்டிருந்தார்கள். அத்தனை காரிலும் மாட்டித்தான் அனுப்பினார்கள். விருப்பம் யாருடையது என்று கேட்கக் கூடாது.

கதவைத் திறக்க வெளியே கைப்பிடி தேடாதீர்கள், வைக்கவில்லை. ஏற்றி இறக்கும் கண்ணாடியும் கிடையாது. மழை வந்தால் டிக்கியிலிருந்து பக்கத் திரைகளை எடுத்துச் செருக வேண்டும். செருகிவிட்டு இறங்கினீர்களா? திரையிலுள்ள சின்னத் திறப்பு வழியாகக் கையை விட்டு, உள்ளே குமிழைத் துழாவித் திறக்க வேண்டும். போலீஸ்காரர் பார்க்கும்போது சொந்தக்காரர் முகத்தோடு துழாவுவது நல்லது.

ஃபைபர்கிளாஸ் உடம்பு, துருவே பிடிக்காது என்பார் விற்பவர். பொய்யில்லை. அதைச் சுமக்கிற சேஸி இரும்பு என்பதை மட்டும் சொல்ல மாட்டார். கூச்சப்படாமல் தரையில் படுத்து, டார்ச் அடித்துப் பாருங்கள்.

லைட் எரியவில்லையா? பல்பைத் திட்டாதீர்கள். இரும்புக் காரில் உடம்பே எர்த். இதில் எல்லாவற்றுக்கும் எர்த் ஒயர் இழுத்தாக வேண்டும். ஒரு முனை தளர்ந்தாலும் ஒரு மாலை போச்சு. ஆனால் இதே ஃபைபர்கிளாஸ் தயவில் ஏரியலை டிக்கி மூடிக்குள்ளேயே ஒளித்துவைத்துவிட்டார்கள். ஆக, இருட்டில் பாட்டு கேட்கலாம்.

பின்னால் நம்பர் பிளேட்டுக்குக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் மூடி. உள்ளே ஆவி படிந்து நம்பர் மறையும். கம்பெனி என்ன செய்தது? மூடியை எடுத்துவிட்டதா? ஈரம் உறிஞ்சும் பைகளை உள்ளே வைத்தது. எனக்கு இந்தக் காரில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

எஞ்சின் ஆறு சிலிண்டர், 150 குதிரைசக்தி. மூன்று கார்பரேட்டர்களும் ஒரே சீராக மூச்சு விடும்வரை திருகிக்கொண்டிருக்கலாம். கியர் போடக் கை துறுதுறுத்தால் தொடையில் வைத்துக்கொள்ளுங்கள்: இரண்டே வேகம், அதுவும் ஆட்டோமேட்டிக்.

‘வி8 போட்டுவிடு’ என்று நண்பர் தூண்டுவார். 1955இல் கம்பெனியே போட்டது உண்மைதான். நீங்களும் போடுங்கள். கழற்றிய ஆறு சிலிண்டரை மட்டும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். காரை விற்கும் அன்று, வாங்க வருபவர் முதலில் கேட்பது அதைத்தான்.