சில்லை சார்

ஞாயிற்றுக்கிழமை காலை பெரும்பாக்கம் ஏரிக்கரையில் நின்றுகொண்டு யாராவது "அதோ, குருவி!" என்று சொல்லிவிட்டால் போதும், கூட்டத்தின் கடைசியிலிருந்து ஒரு செருமல் கேட்கும். செருமியவர்தான் சில்லை சார்.

பெயர் எதுவாகவும் இருக்கலாம். பறவை பார்க்கும் குழு எந்த ஊரில் இருந்தாலும் அதில் இப்படி ஒருவர் உண்டு. பெரும்பாலும் கருவூலத்திலோ தணிக்கையிலோ காலமெல்லாம் அடுத்தவர் பில்லுக்கு அப்ஜெக்‌ஷன் போட்டு ஓய்வு பெற்றவராக இருப்பார். பென்ஷன் வந்துவிட்டது, பில் வருவதில்லை. போடாமல் மிச்சமிருக்கிற அப்ஜெக்‌ஷனையெல்லாம் பறவைகள் மேல் போடுகிறார்.

மயில், மீன்கொத்தி, பூநாரையில் எல்லாம் அவருக்கு ருசியே கிடையாது. "அதுங்களே தன் பேரைச் சொல்லிக்கும். நாம எதுக்கு?" என்பார். அவருக்கு வேண்டியது சந்தேகம். உள்ளங்கைக்குள் அடங்கும் உடம்பு, பழுப்பு நிறம், தடித்த கூம்பு அலகு, கோரைத் தண்டில் வரிசையாக உட்கார்ந்து விதை உரிக்கும் கூட்டம். சில்லைகளைக் கண்டால்தான் அவர் முகத்தில் காலைக் களையே வரும்.

நம் ஊரில் முக்கியமாக ஆறு சில்லைகள். வளர்ந்த பறவையில் தகராறு அதிகம் இல்லை. மார்பில் செதில் செதிலாகக் கோலம் போட்டிருந்தால் புள்ளிச் சில்லை. தலை கறுத்து, முதுகு செம்பழுப்பாக, விலா வெளுத்திருந்தால் கருந்தலைச் சில்லை. வெளிறிய உடம்பும் கூரான கறுப்பு வாலும் சாம்பல் வெள்ளி அலகுமாக வறண்ட முள்காட்டில் திரிவது வெண்தொண்டைச் சில்லை. இது தூக்கணாங்குருவி விட்டுப்போன கூட்டில் குடியேறிவிடும். கூட்டைப் பார்த்து, எட்டிப் பார்த்த தலையையும் பார்த்து, "தூக்கணாங்குருவி" என்று எழுதிய ஒரு காலேஜ் பையனை சார் தனியே அழைத்துச் சொன்னார்: "தம்பி, பட்டா யார் பேர்ல இருக்குங்கறது வேற, குடியிருக்கறது யாருங்கறது வேற."

மலையேறினால் அவர் இன்னும் உக்கிரமாகிவிடுவார். அங்கே வெண்முதுகுச் சில்லையும் உண்டு, தென்னிந்திய மலைகளையும் இலங்கையையும் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத கருந்தொண்டைச் சில்லையும் உண்டு. ஒன்றுக்கு முதுகின் கீழே வெள்ளைப் பட்டை, மற்றதற்கு அது இல்லை. ஆனால் அந்த வெள்ளை தெரிய வேண்டுமென்றால் பறவை சிறகை விரித்துப் பறக்க வேண்டும். வயிற்றின் நிறம் தெரிய வேண்டுமென்றால் நம் பக்கம் திரும்ப வேண்டும். வால்பாறைப் பக்கம் ஒரு புதரில் உட்கார்ந்திருந்த பறவை இரண்டுக்கும் சம்மதிக்கவில்லை. கைதட்டிக் கிளப்பிவிடலாமே என்று யாரோ சொன்னதற்கு, சார் பார்த்த பார்வையில் அவர் ஜீப்புக்கே திரும்பிப் போய்விட்டார். அட்டைக் கடியோடு மற்றவர்கள் நின்றோம்.

உண்மையான கச்சேரி குஞ்சுகளில்தான். புள்ளிச் சில்லையின் இளம்பறவைக்கு ஒரு புள்ளிகூட இருக்காது. கருந்தலைச் சில்லையின் இளம்பறவைக்குத் தலை கறுப்பு கிடையாது. இரண்டும் மேலே பழுப்பு, கீழே வெளிர்பழுப்பு. இரண்டும் ஒரே கோரைப் புதரில், ஒரே கூட்டத்தில் கலந்து உட்காரும். இயற்கை இதைச் சாருக்காகவே செய்துவைத்ததோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

கூட வரும் கேமராக்காரத் தம்பி பீரங்கி மாதிரி லென்ஸை இறக்கி வைத்துவிட்டுப் படத்தைக் காட்டுவார்.

"சார், புள்ளிச் சில்லைதானே?"

"எதை வெச்சுச் சொல்றீங்க?"

"பக்கத்துல உட்கார்ந்திருக்கறது புள்ளிச் சில்லை சார்."

"பஸ்ல உங்க பக்கத்துல உட்கார்ந்தவரு உங்க அப்பாவா?"

"அலகு கறுப்பா இருக்கு சார்."

"நீலச் சாம்பலா எனக்குத் தெரியுது. அப்படின்னா கருந்தலை."

"அது வானத்து வெளிச்சம் சார்."

"அப்ப கறுப்பு மட்டும் எப்படி நிச்சயம்?"

தம்பி படத்தைப் பெரிதாக்குவார். அலகு கட்டம் கட்டமாக உடையும். இதற்குள் அசல் பறவை விதை தின்று முடித்து, தோழர்களோடு கிளம்பி, அடுத்த ஏரிக்கே போயிருக்கும்.

வாதம் முற்றினால் டார்வின் வருவார். 1835-இல் கலாபகஸ் தீவுகளில் பறவைகளைச் சேகரித்த டார்வின், எது எந்தத் தீவு என்று பலவற்றுக்குச் சீட்டு எழுதவில்லை. சிலவற்றை வேறு வேறு குடும்பத்துப் பறவைகள் என்றே நினைத்திருந்தார். 1837-இல் லண்டனில் ஜான் கூல்டு என்ற பறவையியலர் பார்த்துத்தான் அவை நெருங்கிய உறவுள்ள ஃபிஞ்ச் பறவைகள் என்றார். சார் இதைச் சொல்லும்போது, தன் செக்‌ஷனில் வேலை பார்த்த அஜாக்கிரதையான கிளார்க்கைப் பற்றிச் சொல்கிற குரல் வரும். "பெரிய மனுஷர்தான். ஆனா லேபிள் போடலையே!" பிறகு, "அதையும் இப்ப டானேஜர் குடும்பத்துல சேர்த்துட்டாங்க" என்று கூல்டுக்கும் ஓர் அப்ஜெக்‌ஷன்.

இவ்வளவு நடந்த பிறகு சார் நோட்டில் என்ன எழுதுகிறார் என்று எட்டிப் பார்த்தேன். "இளம் சில்லை, இனம் தெரியவில்லை." பறவைப் பட்டியல்களைப் பதியும் இபேர்ட் தளத்தில் அப்படிப் பதியவும் வழி இருக்கிறது. வெயில் ஏற ஏற நின்று எங்களையும் நிற்கவைத்து அவர் வந்து சேர்ந்த இடத்துக்கு, முதல் நிமிடத்திலேயே எங்களில் பலர் வந்திருந்தோம். வாயைத் திறந்து சொல்லத்தான் வெட்கம். எனக்கு அவர் பட்டியலில்தான் நம்பிக்கை. தெரியாததைத் தெரியாது என்று எழுதுகிற மனிதர் தெரியும் என்று எழுதினால் அது தெரிந்துதான் எழுதியது.

பொங்கலை ஒட்டி நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் நீங்களும் கலந்துகொள்ளுங்கள். ஓர் இடத்தில் கால் மணி நேரம் பார்த்து எண்ணினாலே ஒரு பட்டியல் ஆகிவிடும். சார் இருக்கும் குழுவிலேயே சேருங்கள், நிறையக் கற்றுக்கொள்ளலாம். ஒரே வேண்டுகோள்: எல்லோரும் டிபன் சாப்பிட்டு முடிக்கும்வரை, பழுப்பாக எது பறந்தாலும் தயவுசெய்து கையை நீட்டிக் காட்டாதீர்கள்.