குலசாமி மேல சத்தியம் பண்ணாதே, மாப்ளே

வா மாப்ளே, திண்ணையில உக்காரு. ஸ்கேன் ரிப்போர்ட்டை உங்கம்மா காட்டிட்டா. ஃபேட்டி லிவர், கிரேடு ஒண்ணு. படிச்சதும் அவ கேட்ட முதல் கேள்வி, "பெங்களூருல எவன்கூட சேர்ந்து குடிக்கிறான் இவன்?" நீயும் குலசாமி மேல சத்தியம் பண்ணிட்டே, ஒரு சொட்டு தொட்டதில்லைன்னு. நான் நம்புறேன். அவ நம்பலை. அதுக்காக என் தங்கச்சியைக் கோவிச்சுக்காதே. படிச்ச டாக்டருங்களே ஒரு காலத்துல நம்பலை.

அமெரிக்காவுல ரோச்செஸ்டர்னு ஒரு ஊரு, மினசோட்டா மாநிலம். அங்கே மேயோ கிளினிக்ல யூர்கன் லுட்விக்னு ஒருத்தர். ஊசி போட்டு எடுத்த ஈரல் துணுக்கை மைக்ராஸ்கோப்புல பார்த்துச் சொல்றது அவர் உத்தியோகம். சில துணுக்குல கொழுப்புத் துளி, வீக்கம், தழும்பு எல்லாம் அச்சு அசலா குடிகாரன் ஈரல்தான். ஆளைக் கேட்டா "குடிக்கிற பழக்கமே இல்லீங்க"ம்பாங்க. டாக்டருக்குச் சந்தேகம் தீராது. தோண்டித் தோண்டிக் கேட்பார். இப்படி 20 பேரோட கதையைச் சேர்த்து லுட்விக்கும் கூட இருந்தவங்களும் 1980ல எழுதினாங்க. பாதிக்கு மேல பெண்கள். நிறைய பேரு கொஞ்சம் பருமன், சிலருக்குச் சர்க்கரை, சிலருக்குப் பித்தப்பைக் கல். பேரே இல்லாம கிடந்த அந்த வியாதிக்கு 'நாஷ்'னு, அதாவது குடிக்காம வர்ற கொழுப்பு ஈரல் வீக்கம்னு, பேரும் வச்சாங்க. குடிக்காதவனுக்கும் குடிகாரன் ஈரல் வரும்னு தெரிஞ்சுக்கிட்டா, நோயாளிகிட்ட வாக்குவாதம் பண்ணி அவமானப்படற சங்கடம் டாக்டருங்களுக்கு மிச்சம்னு அந்தக் கட்டுரையிலேயே ஒரு வரி உண்டு. பார்த்தியா, நோயாளி பட்ட அவமானத்தைவிட டாக்டர் படற சங்கடம்தான் முன்னால நிக்குது!

2023ல உலகத்து ஈரல் டாக்டருங்க எல்லாம் கூடி அந்தப் பேரையும் ஃபேட்டி லிவர்ங்கிற பேரையும் மாத்திட்டாங்க. கொழுப்பு, குடின்னு சொன்னா ஆளைக் கேவலப்படுத்துதாம். உன் ஃபேட்டி லிவருக்கு இப்பப் பேரு எம்.ஏ.எஸ்.எல்.டி. உங்கம்மாகிட்ட அப்படிச் சொல்லிப் பாரு, ஏதோ பட்டம் வாங்கிட்டேன்னு பக்கத்து வீட்டுல சொல்லிட்டு வருவா.

"நான் ஒல்லி மாமா"ன்னு அடுத்த சாக்கை எடுக்காதே. மேற்கு வங்காளத்துல பீர்பூம்னு ஒரு ஜில்லா. வயலும் வரப்புமா இருக்கிற சீமை. கொல்கத்தா ஈரல் டாக்டர் அபிஜித் சௌத்ரியும் அவரோட ஆளுங்களும் அங்கே கிராமம் கிராமமாப் போய் 1,911 பேரைச் சோதிச்சாங்க. பணக்கார வீட்டு ஏ.சி. ரூம் வியாதின்னு எல்லாரும் நினைச்சுக்கிட்டு இருந்தது, அந்தக் கிராமத்துச் சனங்கள்ல நூத்துக்கு 8.7 பேருக்கு இருந்துச்சு. அது பெரிசில்லை. அந்த வியாதிக்காரங்கள்ல முக்கால்வாசிப் பேருக்கு பி.எம்.ஐ. 25-க்குக் கீழே. பாதிக்கு மேல உள்ளவங்களுக்கு பருமனும் இல்லை, தொப்பையும் இல்லை. 2010ல இது வெளியாச்சு. ஒல்லியா இருக்கோம்னு தெம்பா இருந்தவன் ஒவ்வொருத்தனும் படிக்க வேண்டிய கட்டுரை. நீ படிக்கலை, பெண் பார்க்கிற இணையதளத்துல 'ஸ்லிம்'னு போட்டுக்கிட்டு இருந்தே.

அந்தச் சௌத்ரி மேல எனக்குத் தனிப் பிரியம் உண்டு. கம்பவுண்டரா மாத்திரை எண்ணிக் குடுத்த கை இது, அதனாலதான். பட்டம் இல்லாம ஊர்ல ஊசி போடற வைத்தியருங்களைப் போலீஸ்ல பிடிச்சுக் குடுக்காம, அவரோட லிவர் ஃபவுண்டேஷன் அதே பீர்பூம்ல ஒன்பது மாசம் வகுப்பு நடத்திச்சு. பலன் என்னன்னு பொருளாதார ஆளுங்க அளந்து 2016ல எழுதினாங்க: நோயாளியைச் சரியாக் கவனிக்கிறது கூடிச்சு, தேவையில்லாத மருந்து குடுக்கிறது மட்டும் குறையவே இல்லை. சிரிக்காதே. எந்த வகுப்புக்குப் போனாலும் எங்க ஆளுங்க அதை விட மாட்டாங்க.

சரி, உன் கதைக்கு வா. நீ தின்கிறதைக் குடல் உறிஞ்சி, பெரும்பாலும் முதல்ல அனுப்புறது ஈரலுக்குத்தான். ஈரலுக்கு வர்ற ரத்தத்துல முக்கால் பங்கு குடல் பக்கத்துல இருந்து வர்ற குழாய் வழியாத்தான் வருது. குடல்ங்கிற வாய்க்காலுக்கு ஈரல் தலைமடை வயல், மாப்ளே; சாக்கடை கலந்தா முதல்ல அது குடிக்கும். ராத்திரி பதினோரு மணிக்குப் பரோட்டா, கூடவே கலர் பாட்டில். எரிக்க ஆளில்லாத சர்க்கரையைக் கொழுப்பாக்கி ஈரல் தன் மடியிலேயே கட்டிக்குது. நீயோ நாற்காலியை விட்டு எந்திரிக்கிறது சார்ஜர் எடுக்க மட்டும். பயப்படாதே, நிறைய பேருக்கு இது கிரேடு ஒண்ணுலயே கிடக்கும். சிலருக்குத்தான் தழும்பேறி ஈரல் சுருங்கும். ஆனா இந்த வியாதிக்காரங்களைப் பெரும்பாலும் கொண்டுபோறது ஈரல் இல்லை, மாரடைப்பு.

மருந்தா? அமெரிக்காவுல 2024 மார்ச்ல ரெஸ்மெடிரம்னு ஒரு மாத்திரைக்கு முதல்முதலா அனுமதி குடுத்தாங்க. அது தழும்பு ஏறினவங்களுக்கு. கிரேடு ஒண்ணுக்கெல்லாம் இல்லை. எவனாவது "ஈரலுக்கு நல்லது"ன்னு பொட்டலம் நீட்டினா வாங்காதே. கொரோனா சமயத்துல சீந்தில் கொடியைச் சாப்பிட்டு ஈரல் கெட்டு வந்தவங்களைப் பத்தி மும்பை டாக்டருங்க எழுதியிருக்காங்க. காபி குடிக்கிறவங்களுக்கு ஈரல்ல தழும்பு குறைவா இருக்குன்னு பல ஆராய்ச்சி சொல்லுது. உடனே டம்ளரைத் தூக்காதே. உங்க அத்தை போடறது காபி இல்லை, சீனிப்பாகு.

கியூபாவுல 293 பேரை ஒரு வருஷம் சாப்பாட்டைக் குறைக்கவும் நடக்கவும் வச்சுப் பார்த்தாங்க, 2015ல எழுதினாங்க. உடம்பு எடையில பத்துல ஒரு பங்கு குறைச்சவங்கள்ல நூத்துக்கு 90 பேருக்கு ஈரல் வீக்கம் வடிஞ்சிருச்சு, 45 பேருக்குத் தழும்பே குறைஞ்சுது. அவ்வளவு எடை குறைச்சவங்க எத்தனை பேருன்னு கேளு. 293-ல 29! டாக்டர் கூடவே நின்னு விரட்டியும் அவ்வளவுதான். நீ ஜிம்முக்கு ஒரு வருஷப் பணம் மொத்தமாக் கட்டிட்டு ஏழாம் நாள் நின்னவன். உன்கிட்ட நான் அந்த 29-ஐ எதிர்பார்க்கலை. எடையில நூத்துக்கு அஞ்சு குறைஞ்சாலே ஈரல் கொழுப்பு இறங்கத் தொடங்கும். உனக்கு அது மூணரைக் கிலோ. பாட்டிலை விடு, ராத்திரிச் சாப்பாட்டை எட்டு மணிக்கு முடி, பஸ் ஸ்டாப்பு வரைக்கும் நட.

தராசை நான் நம்ப மாட்டேன். பொங்கலுக்கு வரும்போது தையற்காரர்கிட்ட இருந்து டேப் வாங்கி வைக்கிறேன். நம்ம ஊரு ஆம்பளைக்கு இடுப்பு 90 சென்டிமீட்டருக்குள்ள நிக்கணும். அளக்கறப்ப மூச்சை இழுத்துப் பிடிக்கிற வேலையெல்லாம் என்கிட்ட வேண்டாம். நீ மூச்சு விடற வரைக்கும் நான் டேப்பை விட மாட்டேன்.