புயலுன்னு பேரு வச்ச வண்டி

வா பேராண்டி, இப்படித் திண்ணையில உக்காரு. மெதுவா. நாப்பது நாளா அந்த வண்டிக்குள்ள முட்டியை மடக்கி மடக்கி ஒன் இடுப்பு என்ன கதியில இருக்கும்னு எனக்குத் தெரியாதா?

"ஐயா, ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிட்டேன்"னு பெங்களூர்லருந்து நீ போன்ல சொன்ன அன்னைக்கு ஒங்க அப்பத்தா ராத்திரி பூராம் தூங்கல. விடிஞ்சதும் தண்டோராப் போடாத குறைதான். உச்சிப்புளிப் பக்கம் ஒரு சொந்தக்காரன் பாக்கியில்ல, எல்லாத்துக்கும் சேதி போயிருச்சு. மறுவாரம் தெருமுக்குல செவப்பா ஒண்ணு ஊர்ந்து வந்துச்சு. மேல கூரையக் காணோம். உள்ள ரெண்டே சீட்டு. அப்பத்தா எட்டி எட்டிப் பாத்துட்டுக் கேட்டா பாரு ஒரு கேள்வி: "மிச்ச வண்டி பின்னால வருதாய்யா?"

நீ மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்ட. என்னால சிரிப்ப அடக்க முடியல.

சரி, வண்டிக்குப் பேரு என்னன்னு கேட்டேன். சான் ஸ்டார்ம்னு சொன்ன. ஸ்டார்ம்னா என்னடா? "புயல், ஐயா." அடேய், யாருகிட்ட வந்து சொல்ற? 1964 டிசம்பர் 22 ராத்திரி எனக்குப் பதினாறு வயசு. தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் ரயில ஆளுகளோட கடல் வாரிக்கிட்டுப் போன ராத்திரி அது. பாம்பன் பாலத்துத் தூலத்தையெல்லாம் முருங்கைக் கொப்ப ஒடிக்கிற மாதிரி ஒடிச்சுத் தண்ணிக்குள்ள போட்டுச்சு. அதக் கண்ணால கண்ட சனம் இன்னும் இங்கதான் இருக்கு. அவுக முன்னாடி நீ புயல்னு ஒண்ணக் கொண்டாந்து நிறுத்துற. உள்ள எத்தன குதிரைன்னு கேட்டா 60ங்கிற. எதித்த வீட்டு வாத்தியாரோட மாருதி ஸ்விஃப்டுலயே 80க்கு மேல குதிரை இருக்காம். அவரு அதுல முட்டைக்கோசு வாங்கப் போறாரு.

குத்தம் சொல்லல. கோவாவுல செஞ்ச வண்டி, ரெனோன்னு பிரெஞ்சுக்காரன் இஞ்சின், 1149 சிசி, ஒடம்பு பூராம் ஃபைபர். நம்ம நாட்டுல ரெண்டு சீட்டு வச்சு, கூரையத் தொறந்து விடுற வண்டி செஞ்சவன் எத்தன பேரு? ஆசப்பட்டுச் செஞ்சிருக்கான். இப்ப அந்த வண்டி வாரதில்ல. வாராததாலதான் ஒனக்கு அது மேல ஆச. அது எனக்குப் புரியுது. ஆனா நீ அத 'செகண்ட் ஹேண்ட்'னு சொல்ல மாட்டேங்கிற பாரு, அதான் புரியல. 'ப்ரீ ஓன்டு'ங்கிற. பழைய சோத்தப் பீங்கான் தட்டுல போட்டா அது பிரியாணி ஆயிருமா?

நானும் பழசு வாங்குனவன்தான். வண்டிப் பந்தயத்துக்கு மாடு. இந்தப் பக்கம் பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டுன்னு வகை பிரிச்சு ஓட்டுவாக. பெரிய மாடுன்னா போக வர எட்டு மைலு. எவனோ ஓட்டிக் கழிச்ச மாட்டக் கடன் வாங்கிப் புடிச்சாந்தேன். சந்தையில தரகன் எண்ணெயத் தடவி, கொம்பச் சீவி, மாப்பிள்ள கணக்கா நிறுத்தியிருப்பான். துண்டுக்குள்ள விரலப் புடிச்சு வெல பேசுவான். நீ மயங்கிறக் கூடாது. வாயத் தொறந்து பல்லப் பாக்கணும். ரெண்டு பல்லா, நாலா, ஆறா? எட்டும் மொளச்சிருச்சுன்னா அதுக்கு மேல வயசு மாட்டுக்கும் ஆண்டவனுக்கும்தான் தெரியும்.

நீ எதப் பாத்த? மீட்டரப் பாத்தேங்கிற. இருவது வயசு தாண்டுன வண்டியில மீட்டரு குறைவாக் காட்டுனா, ஒண்ணு வண்டி ஓடல, இல்லாட்டி மீட்டரு ஓடல. பிரேக்கு மிதிக்கிற கட்டையில ரப்பரு தேஞ்சிருக்கான்னு பாத்தியா? ஸ்டேரிங்கு வழுவழுன்னு இருக்கான்னு தடவிப் பாத்தியா? அதுதான் வண்டிக்குப் பல்லு. அதெல்லாம் விட்டுட்டு செவப்புக் கலரப் பாத்து மயங்கிட்ட. நானும் அன்னைக்குக் கொம்பப் பாத்துத்தான் மயங்குனேன். அந்த மாடு மூணாவது மைல்ல ரோட்டோரம் படுத்து அசை போட ஆரம்பிச்சிருச்சு. இத ஒங்க அப்பனுக்குச் சொல்லிறாத.

காயிதச் சங்கதி வேற. கர்நாடகா நம்பரு. அங்கருந்து தடையில்லாச் சான்று வாங்கணும், இங்க வரி கட்டணும், அப்பத்தான் நம்ம டிஎன் 65 கெடைக்கும். 15 வயசு தாண்டுன காருக்கு அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா எஃப்சி. நல்லவேள, மனுசனுக்கு எஃப்சி இல்ல. இருந்தா என்னையெல்லாம் எடைக்குப் போட்டிருப்பாக.

மொத வாரம் பூராம் நீ பேசுன பேச்சு இருக்கே! 'ரோடு ஃபீல்' அருமையா இருக்குன்ன. அப்படின்னா என்னப்பான்னு கேட்டேன். "ரோட்டுல இருக்கற மேடு பள்ளமெல்லாம் அப்படியே நம்ம ஒடம்புக்குத் தெரியும், ஐயா." இதுக்கா இம்புட்டுக் காசு? நம்ம கட்டவண்டியில ஏறு, மேடு பள்ளத்தோட கூழாங்கல்லும் சேத்துத் தெரியும். 'எக்ஸாஸ்ட் நோட்'ன்ன. சத்தத்துக்கு அப்படி ஒரு பேராம். தெனம் இந்த உச்சிப்புளி மேல கடற்படை ஹெலிகாப்டரு பறக்குது. அதக் கேட்டு எந்திரிக்காத வாத்தியார் வீட்டுக் கைப்புள்ள, ஒன் வண்டிக்கு எந்திரிச்சு அழுவுது.

நடிகர் அஜித்தே கார்ப் பந்தயம் ஓட்டுறாரேங்கிற. ஓட்டுறாருதான். 2025 சனவரியில துபாயில 24 மணி நேரப் பந்தயத்துல அவரு டீமு அவுக பிரிவுல மூணாவதா வந்துச்சு, நானும் டிவியில பாத்தேன். ஆனா அவரு ஓட்டுற ரோட்டுல எதுத்தாப்ல ஆட்டுக்கெடை வருமா? கருவேல மரத்துக்குள்ளருந்து மாடு பாயுமா? மொளகா காயப் போட்டுருப்பாகளா? நம்ம ரோட்டுல மூணும் உண்டு.

அடுத்து பாம்பன் பாலம். எல்லாப் பயலும் கார் வாங்குன ஒடனே அங்கதான் போறீக. 1988 அக்டோபருக்கு முன்னாடி ராமேஸ்வரம் தீவுக்கு ரோடே கெடையாது தெரியுமா? ரயிலு, இல்லாட்டிப் படகு. பழைய ரயில் பாலம் இருந்தப்ப வண்டி அதுல நடக்கற வேகத்துக்குத்தான் போச்சு. காத்து மணிக்கு 58 கிலோமீட்டரத் தாண்டுனப்பல்லாம் சிகப்பு விழுந்துச்சு, ரயிலு நின்னுச்சு. அம்புட்டு எடை இருக்கற ரயிலே காத்துக்குப் பயந்து நின்ன எடத்துல, நீ துணிக்கூரைய மடிச்சு வச்சுட்டு எண்பதுல போறேங்கிற.

தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனை வரைக்கும் 2017ல ரோடு போட்டுட்டாக. முன்னெல்லாம் மணல்லயும் தண்ணியிலயும் முக்கி முக்கி வேன்ல போன எடம். ரோடு நல்லாத்தான் இருக்கு. ஆனா காத்து சும்மா இருக்குமா? மணல வாரி ரோட்டு மேல பாய் விரிச்சு வைக்கும். கூரையத் தொறந்து போட்டுக்கிட்டுப் போயிட்டு வந்தியே, சீட்டுக்கு அடியில இருந்து அப்பத்தா எம்புட்டு மணல் அள்ளுனா? கோழிக்குஞ்சுகளுக்குக் கூண்டடியில போட்டது போக, ரெண்டு ரோசாத் தொட்டிக்கும் ஆச்சு.

மணல் போகட்டும். உப்புக்கு என்ன செய்வ? பாம்பன் காத்து இரும்பத் தின்னுரும். அதனாலதான் 2025ல தொறந்த புதுப் பாலத்துக்கு விசேசமான பெயிண்டு அடிச்சு, கான்கிரீட்டுக்குள்ள துருப்புடிக்காத கம்பியப் போட்டு வச்சிருக்கான். நீ என்ன போட்டு வச்சிருக்க? மேல ஃபைபரு, துருப்புடிக்காது, சரி. அடியில இருக்கற சட்டம் இரும்புதானே? கழுவணும்ங்கிற. எந்தத் தண்ணியில? போர்த் தண்ணி உப்பு. அதுல கழுவுனா துருவுக்கு நீயே வெத்தல பாக்கு வச்ச மாதிரி. நல்ல தண்ணி காவிரியிலருந்து குழாயில வரணும், வந்த அன்னைக்குத்தான் வந்துச்சு. அந்தத் தண்ணியில ரெண்டு குடத்த நீ வண்டி மேல ஊத்துனப்ப ஒங்க ஆத்தா வெளக்குமாத்தோட வாசலுக்கு வந்தாளே, அன்னைக்குத்தான் அந்த வண்டி நெசமாவே வேகமாப் போச்சு.

இப்ப அசல் சங்கதிக்கு வாரேன். போன வாரம் மண்டபம் தாண்டி வேகத்தடையில ஏத்துனியே, 'டொப்'புன்னு ஒரு சத்தம். வண்டி வயித்துக்கும் தரைக்கும் ஒரு சாண்கூட இல்ல, அது ஒனக்கும் தெரியும், வேகத்தடைக்கும் தெரியும். முன்பக்கத்துத் தாடை கீறிப்போச்சு. நீ பெங்களூருக்குப் போன் போட்ட, மெட்ராசுக்குப் போட்ட. ஒருத்தன் போட்டோ அனுப்புங்கிறான், ஒருத்தன் மூணு மாசம் ஆகும்ங்கிறான், ஒருத்தன் அப்படி ஒரு வண்டியே இல்லங்கிறான். சோறு எறங்காம உக்காந்திருந்த.

நான் என்ன கேட்டேன்? இது என்ன ஒடம்புடா? ஃபைபரு. நம்ம நாட்டுப்படகுக்காரன் வள்ளம் எதுல செய்யுறான்? ஃபைபரு. அப்புறம் எதுக்குடா மெட்ராசு?

தெற்குவாடியில வள்ளம் ஒட்டுற ஆளுகிட்டக் கூட்டிட்டுப் போனேன். அந்தாளு கவுத்துப் போட்ட வள்ளத்துக்குக் கீழ படுத்துக் கெடந்தாரு, பீடியோட. எந்திரிச்சு வந்து வண்டிய ஒரு சுத்து சுத்துனாரு. குனிஞ்சு விரல் முட்டியால தட்டுனாரு, தேங்காக் கடையில காய் தட்டுற மாதிரி. தலையிலருந்து வாலு வரைக்கும் தட்டிட்டு, "மூணு எடத்துல ஏற்கெனவே ஒட்டுப் போட்டிருக்கு தம்பி"ன்னாரு. ஒனக்கு மூஞ்சி வெளுத்துருச்சு. பாத்தியா, பல்லப் புடிச்சுப் பாக்கற ஆளு எங்க இருக்காருன்னு? வாங்குறதுக்கு முன்னாடி இவரக் கூட்டிட்டுப் போயிருந்தா ஒரு டீச் செலவோட போயிருக்கும்.

உப்புத்தாள் போட்டுத் தேச்சாரு. ஃபைபர் மேட்டக் கத்திரியால வெட்டி உள்பக்கம் வச்சாரு. டப்பாவுல ரெசின ஊத்தி, ஹார்டனரச் சொட்டுச் சொட்டா விட்டுக் கலக்கி, பிரஷ்ஷால குத்திக் குத்தி காத்துக் கொப்புளம் இல்லாம ஒட்டுனாரு. மூக்க எரிக்குற வாடை. மத்தியான வெயில்லயே இறுகி எலும்பு மாதிரி ஆயிருச்சு. செவப்புப் பெயிண்டு இல்ல, வள்ளத்துக்கு அடிக்கற நீலம்தான் இருந்துச்சு. அடிச்சுட்டாரு. "நம்பரும் எழுதிரட்டா? டிஎன் 65ஆ, படகு நம்பரு டிஎன் 10 எம்எம்மா?"ன்னு கேட்டப்ப வாடியே சிரிச்சுச்சு. நீயும்தான் சிரிச்ச. நாப்பது நாள்ல அன்னைக்குத்தான் அந்த வண்டிகிட்ட நின்னு நீ சிரிச்சுப் பாத்தேன்.

அதனால ஒண்ணு சொல்றேன் கேளு. இனிமே எவனாச்சும் எதுக்கு வாங்குனேன்னு கேட்டா 'பேஷன்'னு சொல்லாத, 'இன்வெஸ்ட்மெண்ட்'னு சொல்லாத, வெல ஏறும்னு கணக்குச் சொல்லாத. ஆசையா இருந்துச்சு, வாங்குனேன்னு சொல்லு. படுத்த மாட்டுக்கு நான் ரெண்டு வருசம் கடன் கட்டுனேன். எவன் கேட்டப்பவும் அது விவசாயத்துக்குன்னு நான் சொன்னதில்ல.

அப்புறம், நாளைக்கு வெள்ளன அஞ்சு மணிக்கு வண்டிய எடு. சத்தம் போடாம தெருமுக்கு வரைக்கும் தள்ளிட்டு வா, நான் அங்க நிக்கிறேன். அப்பத்தா கேட்டா ராமேஸ்வரம் கோயிலுக்குன்னு சொல்லு. அரிச்சல்முனைக்கு அதுதானே வழி, பொய்யாவும் ஆகாது. துண்ட இந்தத் தடவ இறுக்கிக் கட்டிக்கிறேன். போன தடவ பாலத்து மேல கச்சான் காத்து புடுங்கிட்டுப் போன துண்டு இன்னேரம் கச்சத்தீவு சேந்திருக்கும். படகு போனா இலங்கை நேவிக்காரக புடிப்பாக. துண்டப் புடிக்கவா போறாக?