வீட்டுக்கொரு கிரிமினாலஜிஸ்ட்

நம் நாயகி ரெட்டைப் படிப்புக்காரி. குற்றவியலும் உளவியலும் சேர்த்து ஒரே டிகிரி. இதில் ஒரு வசதி உண்டு. ஆளைப் பார்த்து எந்தப் பாதியைச் சொல்வது என்று முடிவு செய்துகொள்ளலாம். பெண் கேட்டு வருகிறவர்களிடம் அம்மா ‘சைக்காலஜி’ என்பார். பக்கத்து மனைக்காரரோடு காம்பவுண்டு சுவர்த் தகராறில் இருக்கும் அப்பா, எதிராளியின் காதில் விழும்படி ‘கிரிமினாலஜி’ என்பார். ஷேர் ஆட்டோவில் எவனாவது இடித்துக்கொண்டு உட்கார்ந்தால் அவளே போனை எடுத்து, எதிர்முனையில் ஆளே இல்லாமல், “ஆமா சார், கிரிமினாலஜிதான். கமிஷனர் ஆபீஸுக்கு வந்துடறேன்” என்று சத்தமாகப் பேசுவாள். அந்தப் பாதி கைகொடுக்காத இடம் ஒன்றுதான். ஹெல்மெட் இல்லாமல் மாட்டியபோது எடுத்துவிட்டுப் பார்த்தாள். “அப்படியாம்மா? அப்ப செக்‌ஷன் 194-டி உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். ஆயிரம் ரூபா” என்று டிராஃபிக் எஸ்.ஐ. மெஷினை நீட்டினார்.

ஏன் இந்தப் படிப்பு என்று கேட்டால் சமூக அக்கறை என்பாள். பிளஸ் டூ பரீட்சை நேரத்தில் போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு சீசன் சீசனாகப் பார்த்த சீரியல் கில்லர் தொடர்களுக்கும் இதில் பங்குண்டு என்பது தம்பியின் வாக்குமூலம். பாட்டிக்குத்தான் விளங்கவில்லை. “திருடனைப் பத்திப் படிக்க ஃபீஸ் கட்டணுமா? உங்க சின்னத் தாத்தா வீட்ல ரெண்டு நாள் இருந்துட்டு வா. சாப்பாடும் போடுவாங்க.”

முதல் செமஸ்டரில் லொம்ப்ரோசோ வருகிறார். இத்தாலிய டாக்டர். குற்றவாளி பிறக்கும்போதே குற்றவாளி, முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்று 1876-ல் புத்தகம் போட்டவர். துருத்திய தாடை, பெரிய காது, சரிந்த நெற்றி, நீளக் கை. தீபாவளி லீவுக்கு வருகிற பெண் இந்தப் பாடத்தோடு வீட்டுக்குள் நுழைவது நல்லதில்லை. கல்யாண ஆல்பத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு அமர்ந்தாள். மாமன்மார் வரிசையில் ஒருவரும் தேறவில்லை. அத்தை மகளுக்கு வந்திருந்த வரனின் போட்டோவைப் போனில் விரித்து, காதை மட்டும் பெரிதாக்கிப் பார்த்து, “ம்ம்” என்றாள். அந்த ‘ம்ம்’முக்காக அத்தை இன்றுவரை பேசுவதில்லை. லொம்ப்ரோசோ சொன்னது எடுபடாது என்று கைதிகளை அளந்து பார்த்து இங்கிலாந்தில் சார்லஸ் கோரிங் 1913-லேயே எழுதிவிட்டார். ஆனால் சிலபஸில் கோரிங் லீவு முடிந்த பிறகுதான் வருகிறார்.

இந்த இடத்தில் முழுசாகச் சிரிக்கவும் முடியவில்லை. இத்தாலிக்காரர் புத்தகம் போடுவதற்கு ஐந்து வருஷம் முன்பே, 1871-ல், வெள்ளைக்காரன் இங்கே சாதி சாதியாக மக்களைப் பிறவிக் குற்றவாளிகள் என்று சட்டமே போட்டுவிட்டான். 1911-ல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மதுரைப் பக்கம் அதற்கு ரேகைச் சட்டம் என்று பெயர். எதிர்த்து நின்றவர்களை 1920 ஏப்ரல் 3-ல் பெருங்காமநல்லூரில் சுட்டார்கள். லொம்ப்ரோசோ பாடத்தில் வகுப்பே சிரித்தபோது உசிலம்பட்டிப் பக்கத்துப் பையன் ஒருவன் மட்டும் சிரிக்கவில்லையாம். அவனுடைய கொள்ளுத்தாத்தா ராத்திரியானால் ஸ்டேஷனில் போய்ப் படுத்து எழுந்து வந்தவர். இதை அவன் சொன்ன அன்றைக்கே நாயகி ஆல்பத்தை எடுத்துப் பரணில் போட்டாள்.

மற்றபடி அவள் திருந்தியதாகச் சொல்ல முடியாது. உளவியல் பாதி பாக்கி இருந்ததே! ராபர்ட் ஹேர் என்பவரின் சைக்கோபதி பட்டியலில் 20 குணங்கள்; ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 2 மார்க், மொத்தம் 40. அமெரிக்காவில் 30-ஐத் தொட்டால் ஆள் வில்லங்கம் என்று வழக்கம். பயிற்சி பெற்றவர்கள், ஆளின் ஃபைலையும் படித்துவிட்டுப் போட வேண்டிய மார்க் இது என்று பேராசிரியை தலையில் அடித்துக்கொண்டு சொன்னார். கேட்டால்தானே? ஹாஸ்டல் வார்டனுக்கு 34, மெஸ் கான்ட்ராக்டருக்கு 36, மெசேஜைப் பார்த்துவிட்டுப் பதில் போடாத பையன் ஒருவனுக்கு முழு மார்க்.

வீட்டில் அம்மாவின் விசாரணை முறையும் கண்டனத்துக்கு உள்ளானது. லேட்டாக வந்த அப்பாவை “எங்க போய்க் குடிச்சீங்க?” என்று அம்மா பிடித்துக்கொண்டால், “லீடிங் கொஸ்டின்மா, செல்லாது” என்று நடுவில் புகுந்துவிடுவாள். கேள்வியில் ஒரே ஒரு வார்த்தையை மாற்றினால் சாட்சியின் ஞாபகமே மாறிவிடும் என்று எலிசபெத் லாஃப்டஸ் 1974-ல் கார் விபத்துப் படங்களைப் போட்டுக்காட்டி நிரூபித்ததை அம்மாவுக்கு விளக்கினாள். அப்பாவுக்கு அந்த அம்மையார்மீது பெரிய மரியாதை வந்துவிட்டது.

தெருச்சண்டையிலும் அவளுக்கு வேலை இருந்தது. தண்ணி லாரி தகராறில் ஒருவர் இன்னொருவரை ‘நானூத்தி இருபது’ என்று திட்டிவிட்டார். 2024 ஜூலை 1 முதல் அந்தப் பழைய சட்டமே இல்லை, ஏமாற்று வேலை இப்போது 318, உட்பிரிவு நாலு என்று மாடியிலிருந்து திருத்தினாள். சண்டை நின்றுபோயிற்று. புது நம்பரைச் சொல்லித் திட்ட நாக்கு வரவேண்டாமா?

இவளால் குடும்பத்துக்கு உருப்படியாகக் கிடைத்தது மாமா சம்பவம் ஒன்றுதான். மாமா செங்கல்பட்டுப் பக்கம் மனை வாங்கியிருந்தார். பத்திரத்தில் கைடுலைன் வேல்யூ, மிச்சம் கையில். ஞாயிற்றுக்கிழமை பந்தியில் இதை அவர் சாமர்த்தியமாகச் சொல்லிக்கொண்டிருக்க, நாயகி “இது தப்பில்லையா மாமா?” என்று ரொம்ப அடக்கமாகக் கேட்டாள். கேட்டுவிட்டு இடது கையைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

“நானா பண்றேன்? விக்கிறவன் அப்படித்தான் கேட்டான், பத்திர ரைட்டரும் அதான் சொன்னாரு. நான் என்ன பண்ண முடியும்?” கட்டை விரல் மடங்கியது.

“இதுல யாருக்கு என்ன நஷ்டம்? கவர்மென்ட் என்ன பட்டினியா கிடக்குது?” ஆள்காட்டி விரல்.

“கட்டுன வரிக்கு எங்க தெருவுல ரோடு போட்டாங்களா? அவங்களுக்கு நல்லா வேணும்.” நடுவிரல்.

“மேல உக்காந்திருக்கிறவன் மட்டும் யோக்கியமா?” மோதிர விரல்.

மாமா மோருக்குக் கை நீட்டினார். சுண்டு விரல் தனியாக நின்றது. பந்தி முழுக்க அதையே பார்த்தது. மாமா ஒரு வாய் குடித்துவிட்டு, “எல்லாம் எனக்கா சேத்து வைக்கிறேன்? பிள்ளைங்களுக்காகத்தானே!” என்றார்.

“மாமா, வரிசைகூட மாறலை!” என்று கத்தினாள். சைக்ஸ், மாட்ஸா என்று இரண்டு அமெரிக்கர்கள் 1957-ல் எழுதியதாம். தப்புச் செய்கிற பையன்களுக்கும் மனசாட்சி உண்டு. அதைத் தூங்க வைக்க ஐந்து சமாதானம் வைத்திருக்கிறார்கள். நான் காரணம் இல்லை, யாருக்கும் நஷ்டம் இல்லை, அவனுக்கு அது வேணும், நீ என்ன யோக்கியமா, நம்ம ஆளுங்களுக்காகத்தான். ஐந்தையும் சிலபஸ் வரிசையிலேயே ஒப்பித்த முதல் மனிதரைப் பார்த்த சந்தோஷம் அவளுக்கு. “கோட்டுப் போட்டவங்களும் குற்றம் செய்வாங்கன்னு 1939-லயே சதர்லேண்ட் சொல்லிட்டாரு மாமா.”

“யாரு, அந்த ஆடிட்டரா?” என்றார் மாமா.

மூன்றாம் ஆண்டில் இன்டர்ன்ஷிப் வந்தது. எஃப்.பி.ஐ.யின் ரெஸ்லரும் டக்ளஸும் ஜெயில் ஜெயிலாகப் போய் 36 கொலையாளிகளைப் பேட்டி எடுத்த கதை அவளுக்கு மனப்பாடம். முப்பத்தேழாவது ஆள் புழலில் தனக்காகக் காத்திருக்கிறான் என்று கறுப்பு அட்டை நோட்டு ஒன்று வாங்கினாள். பிறகு கடிதம் புறப்பட்டது. துறைத் தலைவர் கையெழுத்து, பதிவாளர் கையெழுத்து, அப்புறம் எழும்பூர் சிறைத்துறை ஆபீஸ். “தபால்ல வந்திருச்சும்மா. எந்த சீட்டுக்கு மார்க் ஆச்சுன்னு தெரியல.” அடுத்த முறை போனால் அந்த சீட்டுக்காரர் லீவு. அதற்கடுத்த முறை, ஆதார் நகல் ஒன்று குறைகிறது. இந்த செமஸ்டர் முடிவதற்குள் புழலுக்குள் போக வேண்டுமானால் ஏதாவது குற்றம் செய்வதுதான் குறுக்கு வழி என்று அப்பா கணக்குப் போட்டுச் சொன்னார்.

கடைசியில் கிடைத்தது நன்னடத்தை அலுவலர் ஆபீஸ். பெயரைக் கேட்டதும் பாட்டி, “நல்ல பழக்கம் சொல்லித் தர்ற இடமா? போகட்டும்” என்றார். முழுத் தப்பில்லை. முதல் தடவை தவறியவனை ஜெயிலுக்கு அனுப்பாமல், பிணைப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு வெளியே விட 1958-ஆம் வருஷச் சட்டம் வழி செய்கிறது. விடலாமா என்று கோர்ட் யோசிக்கும்போது, ஆளின் வீடு வாசல், கூட்டாளி, படிப்பு எல்லாவற்றையும் விசாரித்து அறிக்கை தருவது இந்த அலுவலர். பதினெட்டு வயசுக்குள் என்றால் அறிக்கை இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும்.

முதல் நாள் அலுவலர் கேட்டது, “பேனா இருக்காம்மா? ஸ்கேல்?” சிவப்பு மையில் ரிஜிஸ்டருக்குக் கோடு போட்டாள். இரண்டாம் நாள் பக்க எண் போட்டாள். அப்புறம் ஜெராக்ஸ் கடைக்காரருக்கு அவள் பெயர் தெரிந்துவிட்டது. கறுப்பு நோட்டு பைக்குள்ளேயே இருந்தது. ஃபைல்களைப் படிக்க விட்டபோது அவளுக்கு இன்னொரு அதிர்ச்சி. மூளைக்காரக் கொலைகாரன் ஒருவனும் அகப்படவில்லை. செல்போன், குடித்துவிட்டு அடிதடி, மறுபடி செல்போன்.

பிறகு ஒருநாள் கள விசாரணைக்கு அழைத்துப் போனார். எந்த ஊர், யார் வீடு என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியாது, சொன்னது இவ்வளவுதான். பதினேழு வயசுப் பையன். பைக்கைக் கிளப்பிக்கொண்டு போனவன் பெட்ரோல் தீர்ந்து தள்ளிக்கொண்டு வந்திருக்கிறான். தள்ளி வந்த ரோட்டில் ஸ்டேஷன் இருந்தது. பாவம் என்று கூட ஒரு கை கொடுத்துத் தள்ளியவர் மஃப்டியில் இருந்த ஏட்டு. பையனின் அம்மா பக்கத்து வீட்டில் நாற்காலி இரவல் வாங்கி வந்து போட்டார். அலுவலர் படிவத்தை எடுத்து, பள்ளியை எப்போது விட்டான், ஏன் விட்டான், பழக்கவழக்கம் என்ன என்று ஒன்றொன்றாக நிரப்பினார். நடுவில் நாயகியைப் பார்த்து, “நீங்க சைக்காலஜியாச்சே, ஒரு கேள்வி கேளுங்க” என்றார்.

மூன்று வருஷப் படிப்பையும் திரட்டி, லீடிங் கொஸ்டின் ஆகிவிடாமல் பார்த்து, “அந்த நேரத்துல உனக்கு எப்படி ஃபீல் ஆச்சு?” என்று கேட்டாள்.

பையன் யோசித்தான். “பெட்ரோல் போட்டுட்டு எடுத்திருக்கலாம்னு ஃபீல் ஆச்சுக்கா.”

கறுப்பு நோட்டில் எழுதிய முதல் வரி அதுதான்.

வீட்டில் எல்லாரும் சுற்றி உட்கார்ந்துகொண்டோம். இத்தனை நாள் கேட்காதவரையும் பிடித்து வைத்துக் கதை சொன்னவள் இப்போது வாயைத் திறக்கவில்லை. “எந்த ஏரியா?” என்றார் அத்தை வீட்டுக்காரர். “செக்‌ஷன் 74.” “எந்த ஆளுங்க?” “செக்‌ஷன் 74.” சட்டத்தில் சிக்கிய சிறுவர்களின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று 2015 சட்டத்தில் இருக்கிறதாம். மாமா பொறுக்க மாட்டாமல், “வண்டியாவது பல்சரா ஸ்ப்ளெண்டரா, அதையாவது சொல்லு” என்றார். அதற்கும் 74.

கடைசி நாள் சர்டிஃபிகேட் வாங்கப் போனாள். பல்கலைக்கழகப் படிவத்தில் ‘நடத்தை’ என்று ஒரு கட்டம். அலுவலர் அதில் ‘திருப்திகரம்’ என்று எழுதி, ஸ்டாம்பு பேடு காய்ந்து கிடந்ததால் சீலை இரண்டு தடவை ஊதிக் குத்தினார். நாயகிக்கு முகம் வாடிவிட்டது. கோடு போட்டது, பக்க எண் போட்டது, ஜெராக்ஸ் கடைக்கு நடந்தது எல்லாம் கண்முன் வர, “சார், ‘மிக நன்று’ன்னு போடக் கூடாதா?” என்றாள்.

“திருப்திகரத்துக்கு என்னம்மா குறைச்சல்?” என்றார் அவர், சீலைத் துடைத்துக்கொண்டே. “அந்த பைக் பையனுக்கும் அதான் எழுதினேன். அவன் சிரிச்சுக்கிட்டே போனான்.”